அம்மாவுக்கும் மாமாவுக்கும் கணையப் புற்றுநோய்: நான் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46. அம்மா 61 வயதில் கணையப் புற்றுநோயால் இறந்துபோனார். இப்போது அவருடைய தம்பிக்கு, 57 வயதில், அதே நோய். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. சாதாரண வயிற்று ஸ்கேன் எடுத்தேன், சரியாக இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யும் எடுக்க வேண்டுமா?

பதில்: அம்மாவை இழந்த துக்கம் ஆறுவதற்குள் மாமாவுக்கும் என்றால் பயம் வரத்தான் செய்யும். உங்கள் கேள்வி மிகச் சரியானது.

குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாதவர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. தேவையில்லாத சந்தேகங்களும் ஊசிப் பரிசோதனைகளும்தான் மிஞ்சும். உங்கள் நிலை வேறு. பெற்ற தாய்க்கும் அவருடைய உடன்பிறந்தவருக்கும் வந்திருப்பதால் நீங்கள் அதிக ஆபத்துள்ளவர்கள் பட்டியலில் வருகிறீர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு 50 வயதிலிருந்தோ, குடும்பத்தில் மிக இளம் வயதில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பிருந்தோ கண்காணிப்பைத் தொடங்குவது, அதாவது வருடா வருடம் கணையத்தைப் படமெடுத்துப் பார்ப்பது, வழக்கம். உங்கள் கணக்குக்கு அது 47. அதாவது அடுத்த வருடம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், ஆழத்தில் இருக்கிறது. குடலில் உள்ள வாயு மறைப்பதால் வயிற்று ஸ்கேனில் பல நேரம் முழுதாகத் தெரியாது. அதனால் அந்த ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ.யும், அதோடு சேர்த்து எடுக்கும் எம்.ஆர்.சி.பி.யும் (கணைய, பித்தக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம்) கணைய நாளம், அதாவது கணையநீர் செல்லும் குழாய், விரிந்திருக்கிறதா, நீர்க்கட்டி இருக்கிறதா என்று தெளிவாகக் காட்டும். கதிர்வீச்சு இல்லாததால் வருடா வருடம் எடுக்கலாம். மிகச் சிறிய திடக் கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் எண்டோஸ்கோபி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் இன்னும் கூர்மையானது. அதனால் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதும் உண்டு.

பலன் இருக்கிறதா? அமெரிக்காவில் அதிக ஆபத்துள்ள 1,461 பேரைக் கண்காணித்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. அதில் கண்காணிப்பின்போது பிடிபட்ட 9 புற்றுநோய்களில் 7 முதல் கட்டத்திலேயே இருந்தன. வழக்கமாக இந்த நோய் அறுவை சிகிச்சைக்கான கட்டத்தைத் தாண்டிய பிறகே பெரும்பாலும் தெரிய வருகிறது. அதை நினைத்தால் இது பெரிய விஷயம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ.யில் சின்ன நீர்க்கட்டி ஏதாவது தெரியலாம். பலருக்கும் அப்படி இருக்கும். பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. கணைய அறுவை சிகிச்சை பெரியது என்பதால், இதில் அனுபவமுள்ள மருத்துவக் குழுவிடம் காட்டாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இப்போதே செய்ய வேண்டியது மரபணுப் பரிசோதனை. முதலில் மாமாவுக்குச் செய்வதுதான் சிறந்தது. நோய் வந்தவரிடம் பழுதான மரபணு எது என்று தெரிந்துவிட்டால், உங்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும். சில மரபணு மாற்றங்களில் 40 வயதிலேயே கண்காணிப்பைத் தொடங்க வேண்டும். அப்படி ஏதாவது வந்தால் 47 வரை காத்திருக்க வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். திடீரென்று சர்க்கரை நோய் வந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் உடன்பிறந்தவர்களும் மாமாவின் பிள்ளைகளும் இதே பட்டியலில்தான் வருகிறார்கள். அவர்களிடமும் பேசுங்கள்.