நின்றுபோன நெல்லை வரலாற்று இணையதளத்தை மீண்டும் நடத்தலாமா?

நின்றுபோன தளத்தின் டொமைன் பெயரை (இணைய முகவரியை)ப் பதிவு செய்துவிட்டதாகவும், பழைய பக்கங்கள் இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் காப்பகமான வேபேக் மெஷினில் கிடைப்பதால் அவற்றை அப்படியே வெளியிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அனுமதியின்றி வெளியிடக் கூடாது. டொமைன் உங்கள் கைக்கு வந்ததால் அதில் இருந்த எழுத்தும் படமும் உங்களுடையவை ஆகிவிடா. ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி இருப்பதும் மறுபதிப்புக்கான அனுமதி ஆகாது.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இத்தகைய கட்டுரைகளைத் திரட்டி வருகிறேன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்துக் குளங்களையும் படித்துறைகளையும் பற்றி ஊர்க்காரர்கள் எழுதியவை அழியக் கூடாது என்ற உங்கள் தவிப்பு எனக்கும் உண்டு. ஆனால் தளம் நின்றுவிட்டாலும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுத்தின் உரிமை ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். தளத்தை நடத்தியவர் சம்மதித்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஊதியமின்றி எழுதி அனுப்பியவர்கள் உரிமையை எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அது அவர்களிடமே இருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரிடமும், அவர் மறைந்திருந்தால் வாரிசுகளிடமும், எந்தக் கட்டுரை, எவ்வளவு காலம், எந்தெந்த நாடுகள் என்பதைக் குறித்துக் கடிதம் வாங்குங்கள். காலத்தைக் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். இணையத்தில் வைப்பதற்கு இரண்டுமே போதா. வில்லுப்பாட்டு ஒலிப்பதிவுகள் இருந்தால் பதிவு செய்தவரின் உரிமையோடு பாடியவர்களின் நிகழ்த்துநர் உரிமையும் சேரும். அதற்கு 50 ஆண்டுக் காலம் உண்டு.

ஆசிரியரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், கட்டாய உரிமம் (உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே சட்டப்படி கிடைக்கும் அனுமதி) கோரி விண்ணப்பிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவு வழி தருகிறது. சிறிய தளத்துக்கு அந்த அலைச்சல் தாங்காது என்பதால், அக்கட்டுரைகளை விட்டுவிட்டு, அவை சொல்லும் செய்திகளை நீங்களே களத்தில் சரிபார்த்துப் புதிதாக எழுதுவதே நல்லது. கல்வெட்டுச் செய்திக்கும் வாய்மொழி வழக்காறுக்கும் யாரும் பதிப்புரிமை கோர முடியாது; அதை ஒருவர் எழுதிய நடைக்கே உரிமை உண்டு. அவருடைய உழைப்பால் அறிந்ததை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது நம் கடமை.

இனி வணிகச் சின்னம் (டிரேட்மார்க்). திருநெல்வேலி, தாமிரபரணி போன்ற இடப்பெயர்களைத் தளப்பெயரில் சேர்ப்பதை ஒருவர் பொதுவாகத் தடுக்க முடியாது. தளத்தின் தனிப்பெயரும் இலச்சினையும் அப்படியல்ல. பதிவான சின்னத்தை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டாலும் அது தானாக நீங்காது. நீக்கக் கோரி ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். பதிவே செய்யாத பெயருக்கும் நற்பெயர் இருந்தால் பாதுகாப்பு உண்டு. டொமைன் பெயருக்கும் இது பொருந்தும் என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. பழைய குழுவோடு தொடர்பில்லை என்று முகப்பில் எழுதினால் வாசகரின் குழப்பம் குறையலாம், ஆனால் அதனால் உரிமை வந்துவிடாது. அவர்கள் எழுதித் தராதவரை வேறு பெயரில் தொடங்குங்கள்.