சதுரங்கக் கணினியிடம் தொடர்ந்து தோற்கும் மகனுக்கு

வணக்கம். கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய பழைய மெபிஸ்டோ சதுரங்கக் கணினியிடம் மிகக் குறைந்த நிலையிலும் தோற்றுப்போய், சாவகச்சேரியிலுள்ள உங்கள் 11 வயது மகன் அதைத் தொடவே மறுக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளையின் திறமையில் குறை காண வேண்டாம். இவ்வகைப் பழைய கருவிகள் பலவற்றில் நிலை என்பது ஒரு நகர்வுக்குக் கணினி எடுக்கும் நேரத்தையே குறிக்கும். சில விநாடிகளே கொடுத்தாலும், கவனிக்காமல் விட்ட காயை அது வெட்டாமல் விடுவது அரிது.

ஆகவே முழு ஆட்டத்தைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்து, காய்களை விரும்பியபடி அடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, கணினிக்கு ராஜாவை மட்டும் விட்டு, அவனுக்கு ராஜாவும் ஒரு கோட்டையும் கொடுத்து, செக்மேட் செய்யும்வரை விளையாட விடுங்கள். அடுத்து, கோட்டைக்குப் பதிலாக ஒரு சிப்பாய். பின்னர் கணினியின் ராணியை எடுத்துவிட்டு முழு ஆட்டம் ஆடலாம். காய் பறிபோகும்போது நகர்வைப் பின்வாங்கி, காரணத்தை அவனே தேடட்டும். உண்மையான பலகையில், கையில் காயுடன், அவசரமின்றி யோசிக்கும் இந்தப் பழக்கத்தையே நான் இக்கருவியின் பெரும் பயனாகக் கருதுகிறேன்.

ஒன்றை அவசியம் கவனியுங்கள்: கனடாவின் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230 வோல்ட் என்பதால், அங்கிருந்து வந்த அடாப்டரில் 230 வோல்ட்டுக்கும் ஏற்றது என்று அச்சிடப்படாவிட்டால் அதைச் செருகாமல், பற்றரியிலேயே இயக்குங்கள்.