150 சிசி ஓட்டுகிறவன் ஹை பெர்ஃபார்மன்ஸ் எலெக்ட்ரிக் பைக்குக்கு மாறலாமா, சிட்டி ரோட்டுக்கு அது ஓவரா?

ஓவர்தான். ஆனாலும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். வாங்கியதும் முதல் இரண்டு வாரம் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

தினமும் 40 கிலோமீட்டர், பாதி ட்ராஃபிக் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே ஜாதிதான். ஓசூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பன்னிரண்டு வருடம் கிளட்ச் பிடித்துப் பழகிய கை. என் வண்டி எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்தப் பிராண்டைப் பற்றியே ஓடும்.

வாங்கி ஒன்பதாவது நாள், லேசான தூறல். தெருமுனை டீக்கடை எதிரில் யூ டர்ன் போடுகிறேன். சின்ன வட்டம், எதிரே ஒரு ஆட்டோ வந்துவிட்டது. பழக்க தோஷம், இடது கை கிளட்சைப் பிடிக்கப் போனது. அங்கே லீவரே கிடையாது, வெறும் காற்று. பதற்றத்தில் வலது கை த்ராட்டிலை ஒரு விரல் அளவு திருகிவிட்டது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஒரு உறுமலோடு போயிருக்கும். இது சத்தமே இல்லாமல் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்து என்னை ரோட்டில் உட்கார வைத்தது. இருநூறு கிலோவுக்கு மேல் எடை, தூக்க மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர், "அண்ணே, வண்டி ஆஃப்லதானே இருக்கு?" என்று கேட்டதுதான் முழங்கை சிராய்ப்பை விட வலித்தது. வண்டி மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு முழுக்க என் கைமேல்தான்.

ஏன் இப்படி என்றால், மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும்போதே முழு டார்க்கும் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) கையில் இருக்கும். பெங்களூரின் அல்ட்ராவயலெட் எஃப்77 பெரிய பேட்டரி மாடலுக்கு 100 நியூட்டன் மீட்டர் என்கிறார்கள். பெட்ரோல் பைக்கான கேடிஎம் 390 ட்யூக்குக்கு 39. கியர்பாக்ஸ் டார்க்கைப் பெருக்கும், இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது என்று சண்டைக்கு வரவேண்டாம், எனக்கும் தெரியும். நான் சொல்வது அந்த இழுவை எப்போது வருகிறது என்பதை. ட்யூக்கில் ஆர்பிஎம் ஏற ஏற வரும், இதில் சிக்னல் விழுந்த நொடியே வந்துவிடும். அமெரிக்காவின் ஜீரோ எஸ்ஆர்/எஃப் 190 நியூட்டன் மீட்டர், அதை நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களுக்கு நடுவில் நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இன்னொன்று, காலையில் நூறு சதவீத சார்ஜோடு கிளம்பினால் ரீஜென் (த்ராட்டிலை விட்டதும் மோட்டாரே வண்டியை மெதுவாக்கி, அந்தச் சக்தியை பேட்டரிக்குத் திருப்புவது) சரியாகப் பிடிக்காது, நிறைந்த பேட்டரியில் திரும்ப ஏற்ற இடம் ஏது? நேற்று சாயங்காலம் த்ராட்டிலை விட்டதும் மெதுவான வண்டி இன்று காலை உருண்டுகொண்டே போகும். நான் 90-ல் நிறுத்திவிடுகிறேன்.

ரேஞ்சைப் பற்றியும், அதாவது ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் என்றும் கேட்டிருந்தீர்கள். எஃப்77-இன் 10.3 கிலோவாட்-அவர் பேட்டரிக்கு (நம் கரண்ட் பில் கணக்கில் 10.3 யூனிட்) 323 கிலோமீட்டர் என்பது ஐடிசி டெஸ்ட் கணக்கு, லேபில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது. அதை வைத்து டூர் ப்ளான் போடாதீர்கள். என் வண்டியும் கிட்டத்தட்ட அதே அளவு பேட்டரிதான். ஒருமுறை கிருஷ்ணகிரியில் 45 சதவீதம் காட்டியது, ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், தாராளம் என்று 110-ல் வந்தேன். ஏற்றம், அதோடு எதிர்காற்று. சூளகிரி தாண்டும்போது 21. ஏற்றத்தை விடக் காற்றுதான் தின்கிறது. 80-லிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்புறம் லாரிகளுக்குப் பின்னால் 60-ல் ஊர்ந்து, 9 சதவீதத்தில் வீடு சேர்ந்தேன். உங்கள் 40 கிலோமீட்டருக்கு இந்தக் கவலையே வேண்டாம், இரண்டு மூன்று நாளைக்கு ஒரு சார்ஜ் போதும்.

கம்பெனி நிலைக்குமா என்று யாராவது கேட்பார்கள். நியாயமான பயம்தான். 2019 முதல் 2022 வரை மோட்டோஇ என்ற உலக எலெக்ட்ரிக் பைக் ரேசுக்கே பைக் கொடுத்த இத்தாலியின் எனர்ஜிகா 2024-ல் திவாலானது.

சரி, உண்மையில் என்னைப் படுத்தியது பேட்டரியும் இல்லை, டார்க்கும் இல்லை, எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கம். பார்க்கிங்கில் ஒரு 16 ஆம்ப் பிளக் பாயின்ட், என் செலவில், என் மீட்டரிலிருந்து வயர் இழுத்து. இதற்கு எட்டு மாதம்! முதல் மீட்டிங்கில் "தீப்பிடிச்சா யார் பொறுப்பு" என்றார்கள். கேட்டவர் வீட்டு பால்கனியில் மூன்று கேஸ் சிலிண்டர் நிற்கிறது. இரண்டாவது மீட்டிங்கில் "எல்லாரும் கேட்டா என்ன செய்யறது" என்றார்கள். எல்லாரும் கேட்கட்டுமே, எல்லாரும் போட்டுக்கொள்ளட்டுமே. மூன்றாவது மீட்டிங் முழுக்கத் தண்ணி லாரி கணக்கிலேயே போய்விட்டது. அதுவரை இரண்டாம் மாடி சமையலறை ஜன்னலிலிருந்து கேபிள் தொங்கவிட்டுத்தான் சார்ஜ் போட்டேன். அது ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? சரியான பாயின்ட் கொடுக்காதவர்களே அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள்.

யூ டர்ன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலி மைதானம், இருப்பதிலேயே கம்மியான மோடு, எட்டு போட்டுப் பழகுங்கள். இடது கை கிளட்சைத் தேடுவது நின்ற பிறகு ஆபீசுக்கு எடுங்கள்.

நீங்கள் இருப்பது தனி வீடா, அப்பார்ட்மென்ட்டா என்று எழுதவில்லை. தனி வீடென்றால் மேலே சங்கத்தைப் பற்றி எழுதியதை மறந்துவிடுங்கள். அப்பார்ட்மென்ட் என்றால் முதலில் பிளக் பாயின்ட்டுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அட்வான்ஸ் கட்டுவதெல்லாம் அப்புறம்.