கேள்வி நேரம்: மாமாவா, சித்தப்பாவா?

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கும் என் மகன் வாரம் ஒருநாள் 'கோல்தஸ்' போய் ஃபிடில் பழகுகிறானாம். அது என்ன கோல்தஸ்? அகராதியில் 'தோழமை, சங்கம்' என்று மட்டும் இருக்கிறது. (ஒரு வாசகி, நீடாமங்கலம்)

பதில்: உங்கள் மகன் போவது 1951இல் தொடங்கிய ஐரிஷ் மரபிசை அமைப்புக்கு, அம்மா. முழுப்பெயர் 'கோல்தஸ் கியோல்தோரி ஏரன்', அதாவது அயர்லாந்து இசைக்காரர்களின் தோழமை. இதை 'கூட்டுறவு' என்று பெயர்த்தால் நம் பக்கத்து ஆட்கள் சிட்டா, அடங்கலோடு பயிர்க்கடன் கேட்டு வந்துவிடுவார்கள்!

சொல்லைப் பிரித்தால்தான் ருசி. முன்பாதிக்கு 'உடன்' என்று பொருள், பின்பாதிக்கு 'ஊட்டி வளர்த்தல்'. இன்று உறுப்பினரைக் குறிக்கும் 'கோல்தா', பழைய ஐரிஷில் ஒரே வளர்ப்புத்தாயிடம் உடன்வளர்ந்த பிள்ளை. அந்தக் காலத்தில் அங்கே பிள்ளையை இன்னொரு வீட்டில் வளரவிடுவது வழக்கம். கூலிக்கு வளர்ப்பது, பாசத்துக்கு வளர்ப்பது என்று சட்டநூல்களே இரண்டாகப் பிரிக்கின்றன. கல்லூரியிலிருந்து நன்கொடை கேட்டுக் கடிதம் வருமே, 'அலும்னி' என்று, அதுவும் இதே வேர்தான்: லத்தீனில் 'அலும்னஸ்' என்றால் வளர்ப்புப்பிள்ளை.

நமக்கு இது அந்நியமில்லை. சங்கப்பாட்டில் தலைவிக்காக வாதாடுகிறாளே தோழி, அவள் செவிலியின், அதாவது தலைவியை வளர்த்த தாயின், மகள் என்கிறது தொல்காப்பியக் களவியல். ஆக அவளும் ஒரு கோல்தாதான்.

என் கதையும் அதேதான். நான் பிறந்த இருபதாம் நாள் அம்மா டைபாய்டில் படுத்துவிட்டாள். வாய்க்காலுக்கு அக்கரை வீட்டு அத்தைக்கு அப்போது கைக்குழந்தை. ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான். இப்போதும் சம்பா அறுப்பு முடிந்தால் புத்தரிசி ஒரு மரக்கால் அவன் மொபெட்டில் என் வீட்டுக்கு வந்துவிடும்.

முறைதான் குழப்பம். அத்தை மகன் என்றால் மச்சான். பால் கணக்கில் அண்ணன், என்னைவிட நாற்பது நாள் மூத்தவன். போன ஆவணியில் அவன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் என் பெயரை மாமா வரிசையில் போடுவதா, சித்தப்பா வரிசையிலா என்று அச்சகத்தில் கேட்டார்கள். அவன் யோசிக்கவே இல்லை. "சித்தப்பான்னு போடுங்க" என்றான்.

மாமன் சீர் செலவு எனக்கு மிச்சம்.