விளையாட்டு, இளைஞர் மன்றம், ஊர்த் திருவிழா: இதிலெல்லாம் அரசின் கண்காணிப்பு எதற்கு?

கேள்வி இதுதான்: "பந்து விளையாடுவதும், மன்றம் வைப்பதும், மாடு விடுவதும் மக்கள் தாங்களாகச் செய்கிற காரியம். இதில் அரசு ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்? கிராமத்தில் இருப்பவர்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்."

நான் தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். பள்ளி நாளிலிருந்து வாலிபால் ஆடுகிறேன். ஊர் இளைஞர் மன்றத்தில் ஏழு வருடம் செயலாளராக இருந்தேன். இப்போது ஓசூரில் ஷிப்ட் வேலை, வாரக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவேன். கண்காணிப்பு கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் இப்போது நடக்கிற கண்காணிப்பு பொருளைப் பார்க்கிறது, விளையாடுகிற பிள்ளையைப் பார்ப்பதில்லை. இதை நான் எங்கள் ஊராட்சி அலுவலகத்துச் சாவி ஒன்றில் கற்றுக்கொண்டேன்.

2024 பிப்ரவரியில் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் தொகுப்புத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 33 வகைப் பொருட்கள் என்று அறிவிப்பு. எங்கள் ஊராட்சிக்கும் வந்தது. பந்து, நெட், கிரிக்கெட் மட்டை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் போட்டோ எடுத்தோம். அன்று மாலை எல்லாவற்றையும் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி கிளார்க் அண்ணனிடம் போனது. எங்கள் பக்கம் ஊராட்சிச் செயலரைக் கிளார்க் என்றுதான் சொல்வோம்.

அவர் நல்ல மனிதர். பக்கத்து ஊராட்சியையும் சேர்த்துப் பார்க்கிறார். காலையில் வந்து சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நாங்கள் ஆடுகிற ஏரிக்கு வர ஐந்தரை ஆகும். அதற்குள் அறை பூட்டியிருக்கும். ஒருநாள் நேரில் போய்க் கேட்டேன். "தம்பி, ஒரு பந்து காணாமப் போனாலும் ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும். நீ சொல்லுவியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லையே. இருப்புப் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அது அறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தணிக்கை. தொடாத பந்துக்குத் தணிக்கையில் குறையே வராது. தினமும் ஆடித் தேய்ந்து கிழிந்த பந்துக்குத்தான் விளக்கம் எழுத வேண்டும். அப்படியிருந்தால் அந்த இடத்தில் யார் இருந்தாலும் பூட்டித்தான் வைப்பார்கள்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டத்து ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அப்புறம் தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம். முன்பாவது தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஏன் மாமா, பசங்களுக்குப் பந்து எடுத்துக் குடுங்களேன்" என்று உரிமையோடு கேட்கலாம். இப்போது அந்தத் திண்ணையும் இல்லை. நாங்கள் நாலு பேர் கூடிப் பேசி, 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டோம். இரண்டே கேள்வி. என்னென்ன பொருள் வந்தது? வந்த நாளிலிருந்து யார், எந்தத் தேதியில் வெளியே எடுத்தார்கள்? 30 நாள் கெடுவுக்குள் பதில் வந்தது. முதல் கேள்விக்கு இரண்டு பக்கப் பட்டியல். இரண்டாவதற்கு ஒரே வரி: அப்படி ஒரு பதிவேடு பராமரிக்கப்படவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு 2025 ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனோம். யாரையும் குற்றம் சொல்லிப் பேசவில்லை. சாவியை மாலை நேரத்துக்கு மூன்று பேர் பொறுப்பில் விடுங்கள் என்று மட்டும் கேட்டோம். மன்றத்திலிருந்து ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒரு அக்கா, பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர். கிளார்க் அண்ணன்தான் ஒரு யோசனை சொன்னார். "தேஞ்சு போனதுன்னு கிராம சபையே எழுதிக் குடுத்தா எனக்குப் பிரச்சனை இல்ல." அதையும் சேர்த்தே தீர்மானம் எழுதினோம்.

அறையைத் திறந்தபோது நெட்டின் ஒரு ஓரத்தை எலி கடித்திருந்தது. ஒன்றரை வருடம் சுருட்டி மூலையில் கிடந்த நெட். தக்காளிச் செடிக்குக் கொம்பு நட்டுக் கட்டுவோமே, அந்த நூலை வைத்து முடிச்சுப் போட்டுச் சரிசெய்தோம். 80 பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டோம்: தேதி, பொருள், எடுத்தவர், திருப்பி வைத்தவர், நிலைமை. முதல் பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியது இன்னும் இருக்கிறது: "வாலிபால் 2, நெட் 1, பம்ப்பு 1, ஊசி இல்லை." இரண்டாவது வாரம் யாரோ ஊசி வாங்கி வைத்துவிட்டு அதையும் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளைப் பார்க்கும் கண்காணிப்பு என்று நான் சொல்வது இந்த நோட்டைத்தான். மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் இருப்புப் பதிவேட்டோடு இதையும் ஒரு நிமிடம் புரட்டிப் பார்த்தால் போதும், எந்த ஊரில் பந்து உருள்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, கண்காணிப்பு இல்லாமல் போனதால் எங்கள் வீட்டில் நடந்த நஷ்டம். இதை எழுதும்போது இன்றும் மனசு கனக்கிறது. என் அக்கா மகள் நன்றாக விளையாடுவாள். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு விளையாட்டுச் சங்கத்துக்காரர் வந்து, தேசியப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள், பயணம், சீருடை, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து இவ்வளவு கட்டுங்கள் என்றார். மாமா இரண்டு ஆடு விற்றார், மீதியை நான் போட்டேன். வட மாநிலம் ஒன்றுக்கு ரயிலில் போய்ப் பதக்கமும் சான்றிதழும் வாங்கி வந்தாள். ஊர் எல்லையில் மாலை போட்டு வரவேற்றோம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அந்தச் சான்றிதழை வைத்தபோது, சரிபார்த்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லம்மா." அவள் அழவில்லை. சான்றிதழைத் திரும்ப வாங்கிப் பிளாஸ்டிக் உறைக்குள் சுருக்கம் விழாமல் செருகினாள். அந்தக் கை என் கண்ணிலேயே நிற்கிறது.

கேட்பதற்கு இடம் இருந்தது, நாங்கள்தான் கேட்கவில்லை. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 33-ஆவது இனத்தில் விளையாட்டு வருகிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்கென மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் ஒருவர் உண்டு. பணம் கட்டும் முன் அந்த அலுவலகத்துக்குப் போய், இந்தச் சங்கத்தின் சான்றிதழ் ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டிருக்கலாம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு தாளுக்கு இவ்வளவு மதிப்பு இருந்தால் அந்தத் தாளை விற்கிறவர்களும் வருவார்கள்தானே?

மேல்மட்டத்திலும் நிலைமை சுத்தமாக இல்லை. கபடிக்கான தேசிய சம்மேளனத்தையே 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு நிர்வாகியின் பொறுப்பில் விட வேண்டி வந்தது. 2025-இல் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கொண்டுவந்தது. சம்மேளனங்களுக்கு அங்கீகாரம் கொடுக்க ஒரு வாரியம், வழக்குகளுக்கு ஒரு தீர்ப்பாயம் என்று அதில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் எங்கள் ஊருக்கு அதைவிட அவசரமாக வேண்டியது வேறு. எந்தெந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்ற பட்டியலை ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்டினால் போதும். அது அன்று ஒட்டியிருந்தால் ஆடு கொட்டகையிலேயே இருந்திருக்கும்.

மாடு விடுவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழா. கொம்பில் பரிசு கட்டி ஓட விடுவார்கள், இளைஞர்கள் அதைப் பறிக்கப் பார்ப்பார்கள். ஜல்லிக்கட்டு மாதிரி விழாக்களுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றத் தடை, 2017-இல் மாநிலச் சட்டத் திருத்தம், 2023 மே 18-இல் அது செல்லும் என்ற தீர்ப்பு, எல்லாம் உங்களுக்குத் தெரியும். தடுப்பு வேலி வேண்டும், கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்க்க வேண்டும், மருத்துவக் குழு நிற்க வேண்டும். இதில் ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன், மாடு முட்டி வயிறு கிழிந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆனால் அனுமதி என்பது நேரத்தில் வர வேண்டும். 2023 பிப்ரவரி 2 அன்று ஓசூர் பக்கம் கோபசந்திரத்தில் அனுமதி தாமதமாகிறது என்று ஜனம் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டது. கல்லெறி வரைக்கும் போனது. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே சரி, இல்லை என்று எழுத்தில் சொல்லிவிட்டால் ஊர்ப் பெரியவர்களே இளைஞர்களை அடக்கிவிடுவார்கள். விடியற்காலையில் ஆயிரம் பேர் திரண்ட பிறகு இழுத்தடித்தால் யார் பேச்சும் எடுபடாது.

இளைஞர் மன்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு பேர் இருந்தால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம். பதிந்துவிட்டு ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்காமல் விட்டவர்கள் ஏராளம். பொங்கல் டோர்னமெண்ட் வசூலுக்குக் கணக்கு இல்லாமல் போனால் அடுத்த வருடம் ஊரே இரண்டாகிறது, பல இடங்களில் அது தெருவுக்கு ஒரு மன்றமாகவும் சாதிக்கு ஒரு மன்றமாகவும் பிரிகிறது. 2012 நவம்பரில் சாதி வன்முறையில் நத்தம் காலனித் தலித் மக்களின் வீடுகள் எரிந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. எங்கள் மன்றத்தில் ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே டீமில்தான் ஆட வேண்டும் என்று துணை விதியிலேயே எழுதினோம். முதல் வருடம் நான்கு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மன்றங்களை ஆய்வு செய்கிறவர்கள் கணக்கு நோட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், உறுப்பினர் பட்டியலில் எந்தத் தெருப் பிள்ளைகள் இல்லை என்றும் பார்க்க வேண்டும். இதை நான் மனப்பூர்வமாகக் கேட்கிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் சரியாகவில்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் குழந்தைத் திருமணம் ஓயவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். போட்டிக்குப் போய்வருகிற பெண்ணைப் பற்றி வீட்டில் கல்யாணப் பேச்சு கொஞ்சம் தள்ளிப் போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். "மாவட்டப் போட்டி முடியட்டும்" என்று அப்பாவே சொல்வார். ஆனால் எங்கள் நோட்டில் இதுவரை எடுத்தவர் என்ற கட்டத்தில் பெண் பெயர் பதினொன்றுதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும். காரணம் எளிது. நாங்கள் ஆடுவது ஏரிக்குள். மழை நன்றாகப் பெய்தால் மைதானமே தண்ணீருக்குள் போய்விடும், காய்ந்த மாதங்களில் ஆறு மணிக்கு மேல் இருட்டு. ஏரிப் புறம்போக்கை மைதானமாக மாற்றித் தா என்று கேட்கவும் கூடாது, அது நீர்நிலை.

அதனால் வரும் கிராம சபைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தை அளந்து, மாலை ஏழு மணி வரை திறந்துவிட வேண்டும், ஒரு விளக்குக் கம்பம் வேண்டும். கூடவே அந்த நோட்டின் நகலையும் இணைக்கிறோம். மனுவில் முதல் கையெழுத்து என் அக்கா மகளுடையது.