ரெண்டு வயர்ல எத்தனை தகராறு!

கேள்வி: பர்மாவுல பகோ பக்கம் மாமாவோட அரிசி மில்லுல வேலை பாக்குறேன் அண்ணே. எட்டு கரண்ட் மீட்டர், மோட்டார் வேகத்தை கட்டுப்படுத்துற டிரைவ் நாலு, எல்லாம் ஆர்எஸ்-485ங்கற ஒரே ரெண்டு வயர் லைன்ல, மாட்பஸ்ங்கற பேச்சு முறையில பிஎல்சிக்கு (மெஷினை ஓட்டுற கண்ட்ரோல் கம்ப்யூட்டருக்கு) போகுது. லைன் கரண்ட் இருந்தா பிரச்சனை இல்ல. கரண்ட் போயி ஜெனரேட்டர் ஓடுனா கடைசி மூணு மீட்டர் ஸ்க்ரீன்ல காணாம போயிடுது. சாமான் சப்ளை பண்றவரு "485 எல்லாம் பழசு, மொத்தமா ஈதர்நெட்டா மாத்திடுங்க"ன்றாரு. மாத்தலாமா?

பதில்: இப்ப மாத்தாதீங்க தம்பி. பழசுங்கறது உண்மைதான், மாட்பஸ் 1979ல மோடிகான் கம்பெனி கொண்டு வந்தது, 485 ஸ்டாண்டர்டு 1983ல வந்தது, ஆனா உங்க மில்லுல கெட்டுப்போனது அது இல்ல, வயரிங். ஈதர்நெட் போட்டாலும் அதே டிரைவ் கேபிள் ஓடுற ட்ரேல தான் இழுக்கப்போறாங்க. அதுவும் சாதா ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் தான், 485 மெதுவான வேகத்துல 1200 மீட்டர் வரைக்கும் போகும்.

மில்லை நிறுத்தி எல்லா பவரையும் ஆஃப் பண்ணிட்டு, கடைசி மீட்டர் டெர்மினல்ல 485ஓட ரெண்டு வயரான ஏ-க்கும் பி-க்கும் நடுவுல மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு பாருங்க. 60 ஓம் கிட்ட காட்டணும், ஏன்னா லைனோட ரெண்டு முனையிலயும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கணும். 120 காட்டுனா ஒண்ணு இல்ல. 40 காட்டுனா எவனோ நடுவுல இருக்குற மீட்டர்லயும் ரெசிஸ்டர் சுவிட்சை தட்டி விட்டிருக்கான். கிலோ ஓம் கணக்குல காட்டுனா ரெசிஸ்டரே இல்லாம இவ்வளவு நாள் ஓட்டியிருக்கீங்க, அதுவே பெரிய விஷயம். அப்படியே வயர் எப்படி போகுதுன்னும் பாருங்க, ஒரு மீட்டருக்குள்ள போயி வெளிய வந்து அடுத்ததுக்கு போகணும், பேனல்ல இருந்து ஆளுக்கொரு கிளையா நட்சத்திரம் மாதிரி பிரிச்சு விட்டிருந்தா சிக்னல் முனையில முட்டி திரும்பி வந்து குழப்பும்.

ஜெனரேட்டர் ஓடுறப்போ மட்டும் போறதுக்கு எனக்கு எர்த் மேல தான் சந்தேகம். ஜெனரேட்டர் எர்த்தும் மில் எர்த்தும் சரியா சேர்த்து கட்டலைன்னா தூரத்து பேனலுக்கும் பிஎல்சிக்கும் நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் வந்துடும், 485 சிப்பு மைனஸ் 7ல இருந்து பிளஸ் 12 வோல்ட் வரைக்கும் தான் தாங்கும், அதை தாண்டுனா தப்பா படிக்கும் இல்ல எரிஞ்சே போகும். முதல்ல எலெக்ட்ரீஷியனை விட்டு எர்த்தை சரி பண்ணுங்க, அப்புறம் மூணாவதா ஒரு காமன் வயர் இழுங்க, கடைசி மூணு மீட்டருக்கு முன்னாடி ஐசொலேட்டட் ரிப்பீட்டர் (மின் இணைப்பை பிரிச்சுட்டு சிக்னலை மட்டும் கடத்துற பெட்டி) ஒண்ணு போடுங்க, கேபிள் உள்ள வயரை சுத்தியிருக்குற ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க. டிரைவ்ல இருந்து மோட்டாருக்கு போற கேபிளை விட்டு தள்ளி இழுங்க, குறுக்க போயே ஆகணும்னா நேர் குறுக்கா போகட்டும், கூடவே ஓட விடாதீங்க.

இன்னொண்ணு. ஒரு மீட்டர் செத்தா ஸ்க்ரீன் முழுக்க இழுக்குதுன்னு அடுத்த புகார் வரும், அதனால இப்பவே சொல்லிடுறேன். செகண்டுக்கு 9600 பிட் வேகத்துல, மீட்டர்ல இருந்து பத்து ரிஜிஸ்டர் (அளவு வச்சிருக்குற இடம்) படிக்க கேள்வியும் பதிலும் சேர்த்து 33 பைட், சுமார் 40 மில்லிசெகண்ட் தான். ஆனா பதில் வராத மீட்டருக்கு ஒரு செகண்ட் காத்திருந்து மூணு தடவை திரும்ப கேக்க சொல்லி பிஎல்சில செட் பண்ணியிருந்தா, செத்துப்போன ஒருத்தனுக்காக மத்த எல்லாரும் நாலு செகண்ட் நிக்கணும். காத்திருக்குற நேரமான டைம் அவுட்டை 200, 300 மில்லிசெகண்டுக்கு குறைங்க, திரும்ப கேக்குற ரீட்ரை ஒண்ணு போதும்.

கேள்வி: ரங்கூன்ல டிப்ளமா முடிச்சிருக்கேன் சார். மெஷினுங்க பேசிக்கிற நெட்வொர்க்குன்னு புரோஃபிநெட், ஈதர்கேட், சிசி-லிங்க்னு பேரு அடுக்குறாங்க, எதை முதல்ல படிக்கணும்?

பதில்: இதெல்லாம் பாதி கம்பெனி சண்டை தம்பி. சீமென்ஸ் வச்சிருந்தா புரோஃபிநெட், மிட்சுபிஷி வச்சிருந்தா சிசி-லிங்க், ஈதர்கேட் 2003ல பெக்ஹாஃப் கொண்டு வந்தது, சர்வோ மோட்டார் பல சேர்ந்து ஒரே நேரத்துல ஆடணும்னா அது நல்லா இருக்கும். நீங்க மாட்பஸ்ல ஆரம்பிங்க. ஒரு யூஎஸ்பி 485 கன்வெர்ட்டரும் விலை கம்மியான டெம்பரேச்சர் கண்ட்ரோலர் ஒண்ணும் வாங்கி லேப்டாப்ல படிச்சு பாருங்க. அட்ரஸ் (மீட்டரோட நம்பர்), பாட் ரேட் (வேகம்), பேரிட்டி (பிழை பாக்குற பிட்) மூணுல ஒண்ணை வேணும்னே தப்பா வச்சு என்ன ஆகுதுன்னு பாருங்க. ஏ, பி வயரையும் மாத்தி போட்டு பாருங்க, ஒண்ணும் எரியாது, சில கம்பெனி ஏ-ன்னு போடுறதை இன்னொருத்தன் பி-ன்னு போட்டு வச்சிருப்பான்.

கேள்வி: மோல்மேன்ல ஐஸ் கம்பெனி வச்சிருக்கோம். பிரஷர் சென்சார் ஏன் 0ல ஆரம்பிக்காம 4 மில்லிஆம்ப்ல ஆரம்பிக்குது?

பதில்: வயர் அறுந்தா தெரியறதுக்குத்தான் அண்ணே. பிரஷர் சுத்தமா இல்லைன்னாலும் 4 ஓடும், 0 வந்துச்சுன்னா வயர் போச்சுன்னு அர்த்தம். உங்க ஊர் மழைக்கு ஜங்ஷன் பாக்ஸ்ல பச்சை பூத்திருக்கான்னு முதல்ல திறந்து பாருங்க.

கேள்வி: வீட்டுல இருந்தே போன்ல மில்லை பாக்கணும், பிஎல்சியை நேரா இன்டர்நெட்ல போட்டா போதுமா?

பதில்: ஐயோ வேணாம். நெட்வொர்க் வழியா பேசுற மாட்பஸ் டிசிபி 502ம் நம்பர் போர்ட்ல உக்காந்திருக்கும், பாஸ்வேர்டுன்னு ஒண்ணு அதுல கிடையவே கிடையாது, எவன் வந்து மோட்டாரை நிறுத்துன்னாலும் நிறுத்தும். நடுவுல ஒரு கேட்வே (தகவலை வாங்கி கடத்துற பெட்டி) வச்சு எம்கியூடிடிங்கற தகவல் அனுப்புற முறை வழியா தகவல் வெளிய மட்டும் போற மாதிரி செய்ங்க, அது 1999ல ஆயில் பைப்லைனை சாட்டிலைட்ல கவனிக்க எழுதுனது, நம்ம ஊரு நெட்டுக்கும் தாங்கும். இன்டர்நெட்டே வேணாம்னு விட்டாலும் பென் டிரைவை மறந்துடாதீங்க, 2010ல பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ் அதுலயும் தான் பரவிச்சு.