ஆறு வற்றினால் துணையும் போய்விடுமா?

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு பாபநாசம் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். சாயங்காலம் குடமுருட்டிப் படித்துறையில் தனியாக உட்கார்ந்திருப்பது வழக்கம். தண்ணீர் ஓடும் மாதங்களில் பக்கத்துப் படியில் யாரோ துணைக்கு இருப்பதுபோல் இருக்கும். கடவுள்தான் என்று நம்புகிறேன். கோயிலில்கூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஆனால் ஆறு மணலாகிவிட்டால் அந்த உணர்வும் போய்விடுகிறது. அப்படியானால் குளிர்ந்த காற்றைத்தான் கடவுள் என்று நினைத்துக்கொண்டேனா? இமயமலைப் பக்கம் சில மாதம் போய் இருந்து பார்க்கலாமா என்றும் யோசிக்கிறேன். "ஆத்தங்கரையில யாரோட பேசிட்டு வர்றீங்க?" என்று மனைவி கேலி செய்கிறார்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

காற்றாகவே இருக்கட்டும், அதில் என்ன குறை? 'மாசில் வீணையும் மாலை மதியமும் வீசு தென்றலும்' என்று ஈசன் அடி நிழலுக்கு அப்பர் சொன்ன உவமையெல்லாம் உடம்புக்குச் சுகம் தருபவைதான். அடுத்து இளவேனில், வண்டு மொய்க்கும் குளம். கிட்டத்தட்ட உங்கள் படித்துறை. ஆனால் இதை அவர் குளக்கரையில் உட்கார்ந்து பாடவில்லை. பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு அடைத்தபோது உள்ளிருந்து பாடியது என்கிறது பெரியபுராணம். அங்கே ஏது தென்றல்? அதற்கு முன் எத்தனையோ மாலைகளில் அந்தக் காற்றை ஆசைதீர வாங்கியிருந்த மனிதரால்தான் அதை அங்கே நினைக்க முடிந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. ஆகவே சுகத்தைச் சந்தேகப்பட வேண்டாம். தண்ணீர் இருக்கும்வரை நன்றாக உட்காருங்கள்.

வற்றிய பிறகு அதே படியில் போய் உட்கார்ந்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும். மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடுவார்கள். அப்புறம் மாசியில் ஒருநாள் விடியற்காலை வயலுக்குப் போய்ப் பாருங்கள். சம்பா அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்பே, நெல் நிற்கும்போதே, ஈரச் சேற்றில் உளுந்து தெளித்திருப்பார்கள். தாளுக்கு நடுவே அது தழைத்து நிற்கும். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் இரவுப் பனியும்தான் அதற்கு. குனிந்து இலையைத் தொட்டால் சொரசொரவென்று இருக்கும், விரல் நனையும். வரப்பில் நாலு எட்டு வைப்பதற்குள் வேட்டி விளிம்பு கணுக்காலோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே உங்களுக்குத் துணை தோன்றுமா என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆறு போனதும் ஊரே செத்துவிட்டது என்ற எண்ணமாவது போகும்.

கோயிலில் தோன்றாததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டத்தில் நிற்கும்போது எனக்கும் செருப்பு ஞாபகம்தான். நம் பக்கத்துச் சிவன் கோயில்கள் பலவற்றில் சாதாரண நாட்களில் ஆளே இருக்க மாட்டார்கள். வௌவால் வாடை பரவாயில்லை என்றால் பிராகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

இமயமலை விஷயத்துக்கும் அப்பரையே கூப்பிட வேண்டியிருக்கிறது. கயிலைக்கு நடந்தார், கால் தேய்ந்தது, தவழ்ந்தார், உருண்டார். கடைசியில் ஒரு குளத்தில் முழுகச் சொல்லி உத்தரவு வந்தது. முழுகி எழுந்த இடம் திருவையாறு. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஆடி அமாவாசைக்கு இன்றும் அங்கே கயிலைக் காட்சி விழா நடக்கிறது. கரையேறிய அவர் 'கண்டறியாதன கண்டேன்' என்று பாடுகிறாரே, அப்படி என்னதான் கண்டார்? யானை, குயில், மயில் எல்லாம் வரும். கூடவே கோழி, நாரை, பன்றி, மாடு. பின்னால் சொன்ன நாலும் படித்துறைக்குப் போகிற வழியில் தினமும் உங்கள் கண்ணில் படுகிறவை. போய் வாருங்கள், மலை அழகுதான். கிடைக்காததைத் தேடி என்று மட்டும் போக வேண்டாம்.

இன்னொன்று. அந்தப் பதிகத்தில் எதுவும் தனியாக வரவில்லை, எல்லாம் சோடியாகத்தான் வருகிறது. தனியாக இருக்கும்போதுதான் கடவுள் வருவார் என்பது உங்கள் கணக்கு. ஒருநாள் வீட்டுக்காரம்மாவையும் படித்துறைக்குக் கூட்டிப் போங்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள்.

அன்புடன்